இன்ஸ்பெக்டர் வந்த வழி

நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால், கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கே திருவிழாக் களை வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்கு மாவிலைத் தோரணம், பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய். பீரோவில் சுருண்டு கிடந்த உலகப் படம் ஆணியில் ஏறும். மறுநாள் அவர் வருவார். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில், பிறகு சைக்கிளில், அதற்கும் பிறகு ஜீப்பில். இரண்டு பிள்ளைகளை எழுப்பி வாய்ப்பாடு கேட்பார். வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். பார்வையாளர் குறிப்பேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தலைமை ஆசிரியருக்கு மூச்சு வரும்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து என்பது கடைசி ஏழெட்டு மைல் தூரத்துக்கு மட்டும் பொருந்தும் விடை. அவர் புறப்பட்ட இடம் அதைவிட வெகு தொலைவு. 200 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து, குதிரையேறி, படகில் தொற்றி, பனிக்கடல் தாண்டி, ஐந்து கண்டங்களின் கடைக்கோடி ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு வந்தவர் அவர்.

கதை ஒல்லாந்தில் தொடங்குகிறது. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன எடாம் என்ற ஊரில், 1784ல் ஒரு போதகர் முன்னின்று பொதுநலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, நல்ல பாடநூல் என்பது சங்கத்தாரின் கனவு. அரசு மாறியபோது அவர்களின் யோசனை சட்டமாயிற்று. 1801லும் 1806லும் வந்த பள்ளிச் சட்டங்கள் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு ஆய்வாளரை வைத்தன. பள்ளிகளை நேரில் போய்ப் பார்ப்பது, ஆசிரியரோடு பேசுவது, கண்டதை எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. இந்த ஏற்பாட்டைக் கட்டி எழுப்பியவர் அட்ரியான் வான் டென் எண்டே. பள்ளிக்கூடத்தை ஊர்ப் பெரியவரும் கோயில் குருவும் எட்டிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம்தான். சம்பளம், வட்டாரம், அறிக்கை என்று அதை அரசின் அன்றாட வேலையாக்கியது இந்தச் சிறிய நாடு.

1810ல் நெப்போலியன் ஒல்லாந்தை விழுங்கினார். பிடித்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க, மறு ஆண்டு பாரிஸிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் குவியே. பூமிக்குள் கிடைத்த எலும்புகளை வைத்து அழிந்துபோன விலங்குகளை அடையாளம் காட்டிய அதே விஞ்ஞானி. ஒல்லாந்துப் பள்ளிகளைப் பார்த்து வியந்து எழுதிவிட்டுப் போனார். வென்றவர் தோற்றவரிடமிருந்து பாடம் எடுத்துக்கொண்ட அபூர்வத் தருணங்களில் இது ஒன்று.

அந்த வியப்பு பிரான்சில் விதையாகக் கிடந்து, 1833ல் முளைத்தது. அந்த ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டம் கொண்டுவந்த அமைச்சர் கிசோ, நாட்டில் உள்ள பள்ளிகள் எத்தனை, எப்படிப்பட்டவை என்று அறிய ஏறக்குறைய 490 பேரை ஒரே சமயத்தில் திசைக்கொருவராக அனுப்பினார். மலையேறியும் சேற்றில் நடந்தும் போன அவர்கள் 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பார்த்தார்கள். மாட்டுக் கொட்டகையில் பள்ளி, ஈரம் கசியும் நிலவறையில் பள்ளி. செருப்புத் தைத்துக்கொண்டே பாடம் சொன்ன வாத்தியார், கோயில் மணியடித்துச் சவக்குழியும் வெட்டிய வாத்தியார். தலைநகருக்குத் தன் நாட்டின் கடைசி ஊர் எப்படி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைத் தொகுத்து 1837ல் பால் லொரென் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1835ல், மாவட்டத்துக்கு ஒரு நிரந்தர ஆய்வாளர் நியமனமாகிவிட்டார்.

இதற்கிடையே இன்னொரு பிரெஞ்சுக்காரர், தத்துவப் பேராசிரியர் விக்டர் கூசான், 1836ல் ஒல்லாந்துக்குப் போய்வந்து ஒரு புத்தகம் எழுதினார். அதை 1838ல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் லெனார்ட் ஹார்னர். அவர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் முதல் நான்கு தொழிற்சாலை ஆய்வாளர்களில் ஒருவர். பஞ்சாலையில் வேலை செய்யும் சிறுவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரமாவது படிப்பு வேண்டும் என்று 1833ன் சட்டம் சொன்னது. அந்தப் படிப்பு உண்மையில் நடக்கிறதா என்று பார்க்கப் போனவர், பள்ளியைப் பார்வையிட ஒரு முறை வேண்டும் என்று உணர்ந்தார். அவர் மொழிபெயர்ப்பு வந்த மறு ஆண்டு, 1839ல், இங்கிலாந்து தன் முதல் இரண்டு பள்ளி ஆய்வாளர்களை நியமித்தது. ஒருவர் வழக்கறிஞர் ட்ரெமன்ஹீர், மற்றவர் பாதிரியார் ஜான் ஆலன். ட்ரெமன்ஹீர் கண்டதைக் கண்டபடி எழுதினார். லண்டன் பள்ளிகளைக் குறை சொன்ன அவர் அறிக்கையால் பள்ளிச் சங்கத்தார் கொதித்தெழ, சில ஆண்டுகளிலேயே அவரை நிலக்கரிச் சுரங்கங்களைப் பார்க்க அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் நம் ஊர் கதைக்குள் நுழைகிறது. அந்த முதல் ஆய்வாளர்கள் பார்க்கப் போன பள்ளிகள் பலவற்றில் நடந்த பாட முறைக்குப் பெயர் 'மதராஸ் முறை'. சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கம். இரண்டையும் தம் இல்லத்தில் அவர் கையாண்டு, 1797ல் லண்டனில் நூலாக அச்சிட்டார். ஆசிரியர் ஒருவர், மாணவர் நூற்றுக்கணக்கில், செலவும் குறைவு. இங்கிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. ஆக, பாடம் சொல்லும் வழி சென்னையிலிருந்து லண்டனுக்குப் போனது. அதை மேற்பார்க்கும் வழி ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டனுக்கு வந்தது. இரண்டும் சந்தித்த வகுப்பறையிலிருந்துதான் இன்ஸ்பெக்டர் உலகம் சுற்றக் கிளம்பினார்.

கிளம்பிய சில ஆண்டுகளிலேயே பெரிய தவறு ஒன்று நடந்தது. 1846ல் வேல்ஸ் மலைநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவர மூன்று இளம் வழக்கறிஞர்களை அரசு அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. வெல்ஷ் மட்டுமே பேசும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் விழித்தார்கள். விழித்த பிள்ளைகளை அறிவில்லாதவர்கள் என்று எழுதினார்கள். 1847ல் நீல அட்டையோடு வந்த அந்த அறிக்கையை வெல்ஷ் மக்கள் இன்றுவரை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றே அழைக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில், அயர்லாந்தின் டொனகால் கரையோரத் தீவுகளுக்குப் போன பாட்ரிக் கீனன் என்ற ஆய்வாளரும் அதே காட்சியைப் பார்த்தார். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஐரிஷ், பள்ளியில் ஒப்பிப்பது ஆங்கிலம். அவரோ, குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, அவர்கள் அறிந்த மொழியில் தொடங்குங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஒரே வேலை, ஒரே காலம். ஒருவர் பிள்ளையை அளந்தார், மற்றவர் பள்ளியை அளந்தார். இந்தக் கதை முழுவதும் இந்த இரண்டு வகை இன்ஸ்பெக்டர்களும் மாறி மாறி வருகிறார்கள்.

ஒரே வீட்டிலிருந்து மூன்று இன்ஸ்பெக்டர்கள் மூன்று கண்டங்களுக்குப் போன கதையும் இந்தக் காலத்தில்தான். ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமை ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டின் பிள்ளைகள் அவர்கள். மூத்தவர் மாத்யூ, ஆங்கிலக் கவிதை படித்தவர்கள் அறிந்த பெயர். கல்யாணத்துக்கு நிலையான சம்பளம் வேண்டும் என்பதற்காக 1851ல் பள்ளி ஆய்வாளர் வேலையில் சேர்ந்தவர், 35 ஆண்டு ரயிலேறி இறங்கிப் பள்ளி பள்ளியாகப் போனார். அடுத்தவர் டாம், 1850ல் டாஸ்மேனியாவில் பள்ளி ஆய்வாளரானார். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த தீவு அது. அங்கே பிறந்த அவர் மகள் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியை ஆனார். இன்னொரு மகளின் மக்கள்தான் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும்.

மூன்றாமவர் வில்லியம், இந்தியாவுக்குப் படைவீரனாக வந்தவர். அப்போதுதான் ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த பஞ்சாபுக்கு முதல் கல்வி இயக்குநர் ஆனார். அரசுப் பள்ளியில் பைபிள் பாடம் கூடாது, எல்லா மதத்துப் பிள்ளைக்கும் அது பொது இடம் என்று தம் மேலதிகாரிகளோடு வாதாடினார். மனைவியை இமயமலை அடிவாரத்தில் புதைத்துவிட்டு, உடல் நலிந்து ஊர் திரும்பும் வழியில் 1859ல் ஜிப்ரால்டரில் இறந்தார். வயது 31. தாய் தகப்பன் இல்லாத நான்கு பிள்ளைகளை வில்லியமின் அக்காள் ஜேனும் அவர் கணவர் ஃபாஸ்டரும் எடுத்து வளர்த்தார்கள். இங்கிலாந்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கப் பள்ளி என்று 1870ல் சட்டம் கொண்டுவந்தவர் இதே ஃபாஸ்டர்தான்.

இனி வருவது இன்ஸ்பெக்டர் கதையின் கசப்பான அத்தியாயம். ராபர்ட் லோ என்ற வழக்கறிஞர் 1842ல் சிட்னிக்குப் போய், அங்கே காலனிப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த குழுவுக்கு 1844ல் தலைவராக இருந்தார். லண்டன் திரும்பி அமைச்சரானதும், வேல்ஸ் அறிக்கை எழுதிய மூவரில் ஒருவரான லிங்கெனைத் துணையாக வைத்துக்கொண்டு 1862ல் புது விதி வகுத்தார். பிள்ளை பள்ளிக்கு வந்தால் ஆண்டுக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால் இன்னும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு.

ஒரே நாளில் இன்ஸ்பெக்டர் கையில் தராசு ஏறிவிட்டது. அவர் தலையசைப்பில் ஆசிரியரின் அரிசி இருந்தது. காய்ச்சல் பிள்ளையையும் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசிப்புப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சரித்திரம், பூகோளம், பாட்டு எதற்கும் காசில்லை, ஆகவே நேரமும் இல்லை. மாத்யூ ஆர்னால்ட் தம் சொந்த இலாகாவையே எதிர்த்து எழுதினார். கேட்பார் இல்லை.

கெட்ட சரக்குக்கும் வாங்குவோர் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை எடுத்துக்கொண்டு 1905 வரை விடவில்லை. 1872ல் அயர்லாந்து. நம் சென்னை மாகாணத்துக்கு 1860களிலேயே 'ரிசல்ட் கிராண்ட்' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. 1870களில் இலங்கைக்கும் போனது. தாமஸ் மன்றோ 1822ல் கலெக்டர்களை விட்டு எண்ணியபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மாணவர்கள் 1,88,650 பேர். ஊரே அரிசியும் காசும் கொடுத்து நடத்திய திண்ணைப் பள்ளிகள் அவற்றில் மிகப் பல. எழும்பூர் வழியாக இங்கிலாந்துக்குப் பாடம் சொன்ன அந்தத் திண்ணைக்கு, பல பத்தாண்டுகள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து தேர்ச்சிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்.

எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படி இருந்துவிடவில்லை. 1854ல் வந்த வுட் அறிக்கை இந்தியாவின் மாகாணம் ஒவ்வொன்றிலும் கல்வி இயக்குநரும் ஆய்வாளர்களும் வேண்டும் என்றது. அதன்படி 1855ல் வங்காளத்தின் நான்கு மாவட்டங்களுக்குச் சிறப்பு ஆய்வாளராக வந்தவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். பல்லக்கில் ஊர் ஊராகப் போன வழியில்தான் வங்காளிப் பிள்ளைகளின் முதல் அரிச்சுவடியான 'வர்ண பரிச்சய'த்தை எழுதினார் என்று அங்கே சொல்வார்கள். 1857 நவம்பரிலிருந்து அடுத்த மே மாதத்துக்குள் 35 பெண் பள்ளிகளைத் திறந்தார். அரசு அவற்றுக்குப் பணம் தரத் தயங்கியது. 1858ல் வேலையை உதறினார். ஆய்வுப் பயணம் அவரை அதோடு விட்டுவிடவில்லை. 1866 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து வந்த மேரி கார்ப்பென்டருடன் உத்தரபாராவில் ஒரு பெண் பள்ளியைப் பார்த்துத் திரும்பும்போது அவர் வண்டி கவிழ்ந்தது. அன்று பட்ட உள்காயம் அவர் ஆயுள் முழுவதும் ஆறவில்லை.

அதே காலத்தில் பசிபிக் கரையோரம் இன்னொருவர் நடந்துகொண்டிருந்தார். ஜான் ஜெசப் கனடாவின் கிழக்கிலிருந்து மேற்குக் கரைக்குப் போனவர். 1859ல் சமவெளிகளையும் ராக்கி மலைகளையும் தரை வழியாகக் கடந்து, 1860ன் தொடக்கத்தில் விக்டோரியா நகர் போய்ச் சேர்ந்தார். தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் ஓடிய திசையில் தாமும் போய், பிறகு பள்ளிக்கூடம் வைத்த மனிதர். 1872ல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் பள்ளிச் சட்டம் வந்ததும் முதல் கண்காணிப்பாளர் ஆனார். குதிரை வண்டி, நீராவிப் படகு, மரத் தோணி, எதுவும் போகாத இடத்தில் கால்நடை. அப்படிப் போனதால்தான் தலைநகரில் இருந்தால் தெரிந்திருக்காத ஒன்று அவருக்குத் தெரிந்தது. உள்நாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி இருந்தன. எந்த இடத்திலும் ஒரு பள்ளிக்குப் போதுமான பிள்ளைகள் சேர மாட்டார்கள். ஆகவே, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி வேண்டும் என்றார். 1874ல் கேஷ் க்ரீக் என்ற இடத்தில் அது திறந்தது.

எல்லைப்புற அமெரிக்காவில் இந்த வேலை எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. அங்கே மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி. 1869ல் அயோவாவின் மிட்சல் மாவட்டத்தில் ஜூலியா அடிங்டன் என்ற ஆசிரியை வென்றார். பெண்ணுக்கு ஓட்டே இல்லாத காலம். பதவி செல்லுமா என்ற கேள்வி மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரிடம் போனது. தடை இல்லை என்றார் அவர். 1882ல் மொன்டானாவில் ஹெலன் கிளார்க் வென்றார். பிளாக்ஃபீட் பழங்குடித் தாய்க்குப் பிறந்தவர். தனக்கு ஓட்டுப் போட உரிமையில்லாத மாவட்டத்தின் பள்ளிகளை எல்லாம் பார்வையிடும் அதிகாரம் அவர் கையில் இருந்தது.

நியூசிலாந்தில் ஜேம்ஸ் போப் என்பவர் 1880ல் மவோரி மக்களின் பள்ளிகளுக்கு ஆய்வாளரானார். ஆங்கிலம் புகட்டுவதே அந்தப் பள்ளிகளின் நோக்கம். போப் ஊர் ஊராகப் போனபோது பாடத்தைவிடப் பெரிய செய்தி ஒன்றைக் கண்டார்: பிள்ளைகள் நோயில் சாகிறார்கள். உடல்நலம் பற்றி அவர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதி 1884ல் பள்ளிகளுக்கு அனுப்பினார். அதைப் படித்த டே ஔட்டே பள்ளி மாணவர்கள் சிலர் விடுமுறையில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுகாதாரம் பேசினார்கள். அவர்களில் ஒருவரான மாவி போமரே மவோரி மக்களின் முதல் மருத்துவர்களில் ஒருவராகி, அமைச்சராகவும் உயர்ந்தார்.

அலாஸ்காவில் நடந்ததைக் கேட்டால் கதையோ என்று தோன்றும். 1885ல் அங்கே கல்விப் பொறுப்பாளராக நியமனமான ஷெல்டன் ஜாக்சன் ஒரு பாதிரியார். 'பேர்' என்ற அரசுக் கப்பலில், பனி உருகும் மாதங்களில் மட்டுமே, அவரால் கரையோரப் பள்ளிகளைப் போய்ப் பார்க்க முடிந்தது. போன இடத்தில் பசி. திமிங்கல வேட்டைக் கப்பல்கள் கடலை வழித்து எடுத்துவிட்டிருந்தன. பசித்த பிள்ளைக்கு எழுத்து எப்படி ஏறும்? எதிர்க்கரை சைபீரியாவில் மக்கள் கலைமான் வளர்த்துப் பிழைப்பதை அவரும் கப்பல் தலைவர் மைக்கேல் ஹீலியும் பார்த்திருந்தார்கள். 1891ல் 16 கலைமான்களை வாங்கிவந்து இறக்கினார்கள். மறு ஆண்டு மந்தையாக வந்தன. மேய்ப்பதும் வளர்ப்பதும் பள்ளியின் பாடமாயிற்று. அப்படிக் கற்றுச் சொந்த மந்தை வைத்த ஒரு தம்பதியில், கணவர் இறந்த பின் மனைவி மேரி தனியாக மந்தையைப் பெருக்கி 'கலைமான் ராணி' என்றே பெயர் வாங்கினார்.

கலைமான் மேய்ப்பைக் கற்றுத்தர ஆள் எங்கே கிடைத்தார்கள்? நார்வேயின் வடகோடியில், சாமி இன மக்களிடம். 1898ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் 539 கலைமான்களோடு அட்லாண்டிக் கடல் தாண்டி நியூயார்க்கில் இறங்கி, ரயிலில் அமெரிக்காவைக் கடந்து அலாஸ்கா போனார்கள். அவர்கள் அறிவை ஒரு கண்டம் பாடமாக ஏற்றுக்கொண்ட அதே 1898ல், அவர்கள் பிறந்த மண்ணில் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. பள்ளியில் சாமி மொழியை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 1902ல் அந்த வடமாவட்டத்துக்குத் தனிப் பள்ளி இயக்குநர் வந்தார். படகிலும் பனிவண்டியிலும் அவர் சுற்றிவந்தது, எல்லையோரப் பிள்ளைகள் நார்வேஜிய மொழிக்கு மாறுகிறார்களா என்று பார்க்கத்தான். அலாஸ்காவில் மானைக் கொண்டுவந்த ஜாக்சனும் பிள்ளைகளின் தாய்மொழியைப் பள்ளிக்குள் விடவில்லை. பசியைக் கண்ட கண் மொழியைக் காணவில்லை. அந்தக் காயத்துக்கு இன்றும் அந்த மக்கள் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் 1909ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் வறண்ட ஹமீர்பூர் மாவட்டத்துக்கு ஒரு துணை ஆய்வாளர் போனார். பெயர் தன்பத் ராய். ஊர் ஊராகப் பள்ளி பார்த்தார், இரவில் உருதுவில் கதை எழுதினார். நவாப் ராய் என்ற புனைபெயரில் வந்த அவர் சிறுகதைத் தொகுப்பு ராஜதுரோகம் என்று கலெக்டர் சொல்ல, பிரதிகள் தீக்கு இரையாயின. வேலை போகாமல் எழுத வேண்டுமே! வேறு பெயர் வைத்துக்கொண்டார். பிரேம்சந்த் என்ற பெயர் இந்திய இலக்கியத்துக்கு அப்படித்தான் கிடைத்தது. அவர் கதைகளில் வரும் கிராமத்து மனிதர்கள் பலரை அந்தப் பயணங்களில் பார்த்திருக்கக் கூடும்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் தராசு தூக்கிய தலைமுறையின் மனச்சாட்சி பேசியது. 30 ஆண்டுக்கு மேல் ஆய்வாளராக இருந்து, தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911ல் ஒரு புத்தகம் எழுதினார். தேர்ச்சிக்குக் காசு என்ற முறை பிள்ளைகளுக்குச் செய்த கேட்டையும் அதில் தம் பங்கையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். புத்தரைப் பற்றி ஏற்கெனவே நூல் எழுதியவர் அவர். அந்த வாசிப்பின் சாயல் அவர் கல்விச் சிந்தனையிலும் உண்டு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜெசப் தொடங்கிவைத்த பாதையில், 1928ல் லாட்டி பௌரன் என்ற பெண்மணி கிளம்பினார். காட்டுப் பள்ளியொன்றில் தனியாக இருந்த இளம் ஆசிரியை, ஊர்ப் பள்ளிக் குழுவினரின் குறைகூறலால் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட துயரம் மாகாணத்தை உலுக்கியிருந்தது. ஆசிரியைகளின் நலனைப் பார்க்க என்றே ஒரு பதவியை அரசு உண்டாக்கி பௌரனுக்குக் கொடுத்தது. தங்க வேட்டைக்காலச் சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர், தனிமை எப்படிப்பட்டது என்று அறிந்தவர். 1934 வரை அந்தக் காடுகளுக்குள் போய், இந்தப் பெண் எங்கே தங்குகிறாள், எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். 1801லிருந்து எத்தனையோ படிவங்கள் அச்சாகியிருந்தன. ஆசிரியர் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் பத்தியைச் சேர்க்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1930களில் கல்வித் துறையில் இளநிலைத் துணை ஆய்வாளராகச் சேர்ந்து, சென்னை மாகாணக் கிராமங்களைச் சுற்றியவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1954ல் அவர் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். 1956ல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்றபோது, அதை ஊர் ஊராக வேர்பிடிக்கச் செய்யும் வேலை அவர் தலைமையில் நடந்தது. பள்ளிக்குக் கரும்பலகை, கட்டடம், மணி என்று ஊராரே தேடிக் கொடுக்கும் சீரமைப்பு மாநாடுகள் பின்னால் வந்தன. அலாஸ்காவின் கலைமானுக்கும் நம் மதிய உணவுக்கும் நேர் உறவு எதுவும் கிடையாது. பசித்த பிள்ளையைக் கண்ணால் பார்த்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

இத்தனை தூரம் அவரோடு வந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இன்ஸ்பெக்டர் தராசோடு போன இடங்களில் பள்ளி சுருங்கியது. கண்ணோடும் காதோடும் போன இடங்களில் விடுதியும் புத்தகமும் மந்தையும் சோறும் முளைத்தன. கடைக்கோடி ஊரைப் பார்த்தவர் அதைத் தலைநகருக்குச் சுமந்து போனாரா என்பதே அவர் பயணத்துக்கு மதிப்பெண்.

அவர் பயணம் முடியவில்லை. பின்லாந்து 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வையே நிறுத்திவிட்டு ஆசிரியரை நம்பி விட்டது. இந்தியா வேறொரு வழியை எடுத்தது. 2009ன் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி நடப்பதைப் பார்ப்பதும், அதற்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவதும் அவர்கள் உரிமை. கடலும் மலையும் தாண்டி வந்த அந்த வேலை கடைசியில் ஊருக்குள்ளேயே குடியேறிவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் முன், அவர்கள் காலையில் சாப்பிட்டார்களா, ஆசிரியருக்கு என்ன குறை என்று கேளுங்கள். கேட்டதை எழுதி மேலே அனுப்புங்கள்.